முன்னுரிமை வாக்குமுறை

முன்னுரிமை வாக்குமுறை என்பது வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல், வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் தேர்தல் முறை. ஒரே பதவிக்கான தேர்தலில் முதல் முன்னுரிமை வாக்குகளில் பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், கடைசி இடத்தில் இருப்பவர் நீக்கப்படுவார். அவருடைய வாக்குச்சீட்டுகள் அவற்றில் அடுத்ததாகக் குறிக்கப்பட்டவர்களுக்குப் போய்ச் சேரும். ஒருவர் பெரும்பான்மை பெறும்வரை எண்ணிக்கை தொடரும். இந்திய மக்களவைத் தேர்தலில் நடப்பிலுள்ள முறையிலோ, மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலே வெற்றி கிட்டும். மூன்றில் ஒரு பங்கு வாக்கோடும் வெல்ல முடியும்.

தோற்றமும் பரவலும்

1850களில் டென்மார்க்கின் கார்ல் ஆந்த்ரேயும் இங்கிலாந்தின் தாமஸ் ஹேரும் தனித்தனியே இம்முறையை வகுத்தனர். இருவரும் கருதியது பல உறுப்பினர் தொகுதிகளை. 1870 வாக்கில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வில்லியம் ராபர்ட் வேர் அதை ஒரே பதவிக்கான தேர்தலுக்கு ஏற்ப மாற்றினார்.

நாடு தழுவிய அளவில் இது வேரூன்றியது ஆஸ்திரேலியாவில். 1918 அக்டோபரில் ஸ்வான் தொகுதி இடைத்தேர்தலில் தொழிற்கட்சி எதிர்ப்பு வாக்குகள் தேசியவாதக் கட்சிக்கும் விவசாயிகள் அமைப்புக்கும் இடையே பிளந்தன. தொழிற்கட்சியின் எட்வின் கார்பாய் சுமார் 34 விழுக்காட்டுடன் வென்றார். அதே ஆண்டிலேயே முன்னுரிமை வாக்கு சட்டமானது. டிசம்பரில் காரங்கமைட் இடைத்தேர்தலில் முதல் எண்ணிக்கையில் முந்திய தொழிற்கட்சியின் ஜேம்ஸ் ஸ்கல்லினை, மாற்று வாக்குகளின் துணையால் விவசாயிகள் சங்க வேட்பாளர் தோற்கடித்தார். பிரிட்டனில் 2011இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 68 விழுக்காட்டினர் இம்முறையை நிராகரித்தனர்.

சிறப்புகள்

வாக்குப் பிளவைத் தடுப்பதே இதன் முதன்மையான பயன். சிறு கட்சியை ஆதரிப்பவர் தம் வாக்கு வீணாகுமே என்று அஞ்சாமல் அதற்கு முதலிடம் தரலாம். 1990 அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரையன் லெனிஹன் 44 விழுக்காடும் மேரி ராபின்சன் 39 விழுக்காடும் பெற்றனர். மூன்றாமவரான ஆஸ்டின் கரியின் வாக்குகளில் பெரும்பகுதி ராபின்சனுக்குச் சேர்ந்ததால் அவர் அந்நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார்.

முதலில் முந்தியவரே கடைசியிலும் வெல்வதுண்டு. இந்தியக் குடியரசுத் தலைவர் இம்முறையிலேயே தேர்ந்தெடுக்கப்படுகிறார். 1969இல் வெற்றிக்குத் தேவையான மதிப்பு 4,18,169. முதல் எண்ணிக்கையில் வி.வி.கிரி பெற்றது 4,01,515. மற்ற வேட்பாளர்களின் மாற்று வாக்குகள் சேர்ந்த பிறகே 4,20,077 பெற்று நீலம் சஞ்சீவ ரெட்டியை அவர் வென்றார்.

முரண்கள்

யார் எந்தச் சுற்றில் நீக்கப்படுகிறார் என்பது முடிவையே மாற்றிவிடும். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 2009 மேயர் தேர்தலில் பாப் கிஸ் வென்றார். ஆனால் மூன்றாம் இடத்தில் நீக்கப்பட்ட ஆண்டி மான்ட்ரோல், நேருக்கு நேர் ஒப்பிட்டால் மற்ற எவரையும்விட அதிக வாக்காளர்களால் விரும்பப்பட்டிருந்தார். பலருக்கும் ஏற்புடைய நடுநிலை வேட்பாளர், முதல் முன்னுரிமை போதாமல் வெளியேற நேர்கிறது. அடுத்த ஆண்டே அந்நகரம் இம்முறையைக் கைவிட்டது. பின்னாளில் மீண்டும் ஏற்றது.

வரிசை முடிந்துபோன சீட்டுகள் கணக்கிலிருந்து விலகுவது மற்றொரு சிக்கல். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதலிருவரைத் தவிர மற்ற அனைவரும் ஒரேயடியாக நீக்கப்படுவர். 1982 முதல் இம்முறை இருந்தும், இரண்டாம் எண்ணிக்கை முதன்முறையாகத் தேவைப்பட்டது 2024இல்தான். நீக்கப்பட்டவர்களின் சுமார் 33 லட்சம் வாக்குகளில் ஏறத்தாழ 2.73 லட்சம் மட்டுமே முதலிருவருக்குச் சேர்ந்தன. அநுர குமார திசாநாயக்க 57,40,179 வாக்குகளுடன் வென்றார். அது செல்லுபடியான மொத்த வாக்குகளில் சுமார் 43 விழுக்காடு.

ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் எல்லா வேட்பாளர்களுக்கும் எண்ணிட வேண்டும் என்பதால் அங்கு இக்குறை இல்லை. பதிலுக்கு, எண் தவறினால் சீட்டு செல்லாததாகிறது. சிலர் மேலிருந்து கீழாக அப்படியே எண்ணிட்டுவிடுவதால் பட்டியலில் முதலில் நிற்பவருக்குச் சிறு ஆதாயமும் கிடைக்கிறது.