லாவண்டர் பட்டினப்பாக்கம் வந்த கதை



நம் வீடுகளுக்கு லாவண்டர் முதலில் செடியாக வரவில்லை, டப்பாவில் வந்தது. 1770-இல் லண்டனில் தொடங்கிய யார்ட்லியின் பவுடரை எத்தனை அலமாரிகளில் பார்த்திருப்பீர்கள்! செடியின் சொந்த ஊர் மத்தியதரைக் கடலோரக் குன்றுகள். கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண், மழையில்லாத கோடை.

இந்தியாவில் அது வேரூன்றியதும் மலையில்தான். ஜம்முவின் தோடா மாவட்டத்தில் பதர்வா. மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 2016-இல் நறுமணத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, மக்காச்சோளம் போட்ட விவசாயிகள் பலர் லாவண்டருக்கு மாறினார்கள். 'ஊதாப் புரட்சி' என்று பெயரும் கிடைத்தது.

பட்டினப்பாக்கம் பால்கனியிலோ உப்புக்காற்று, புழுக்கம். மார்கழியில் வாங்கிய செடி மாசி வரை சிரிக்கும். சித்திரை வெயிலுக்குத் தப்பினாலும் ஐப்பசி மழை வேரை அழுகவைத்துவிடும். கைராசி இல்லையென்று வருந்தும் மருமகள்களுக்காகவே இதை எழுதுகிறேன். அது சீதோஷ்ணத்தின் வேலை, அம்மா.

ஆசை விடவில்லையா? மண்தொட்டி, பாதிக்குப் பாதி மணல், காலை வெயில். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். மழைக்காலத்தில் கூரைக்கடியில் நகர்த்துங்கள். அடியில் தட்டு வைக்காதீர்கள்.

துளசி, புதினா, கற்பூரவல்லி மூன்றும் லாவண்டரின் குடும்பம்தான். கற்பூரவல்லிக்கு ஒரு கிளையை ஒடித்து நட்டாலே போதும்.