டோட்டா: இரசிகர்கள் செய்த விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் தேவைப்பட்டதா?

டோட்டா (டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்சியன்ட்ஸ்) என்பது வார்கிராஃப்ட் 3 என்னும் வியூகக் கணினி விளையாட்டின் மேல் இரசிகர்கள் உருவாக்கிய மோட் ஆகும். ஒரு நிறுவனம் வெளியிட்ட விளையாட்டை ஆடுபவர்களே மாற்றியமைத்து உருவாக்கும் வடிவத்தை மோட் என்பர். டோட்டாவில் ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மூன்று தடங்களில் மோதும். எதிரணியின் தலைமைக் கட்டிடத்தை முதலில் தகர்க்கும் அணி வெல்லும். இலவசமாகக் கிடைத்த இந்த மோடின் இரண்டாம் பாகமாக 2013இல் டோட்டா 2 வெளிவந்தது. அது தேவைதானா என்ற கேள்விக்கு விடை காண அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

தோற்றமும் வளர்ச்சியும்

பிளிசார்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட வார்கிராஃப்ட் 3 உடன், புதிய வரைபடங்களை உருவாக்கும் கருவியும் சேர்த்தே தரப்பட்டது. ஸ்டார்கிராஃப்டுக்கு இரசிகர் ஒருவர் செய்திருந்த ‘ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்’ என்னும் வரைபடத்தை முன்மாதிரியாகக் கொண்டு, யூல் என்ற புனைபெயர் கொண்டவர் 2003இல் டோட்டாவை உருவாக்கினார். அவர் விலகிய பின் பலர் தத்தம் பதிப்புகளைச் செய்தனர். அவற்றிலிருந்த நாயகர்களைத் திரட்டி உருவான ‘டோட்டா ஆல்ஸ்டார்ஸ்’ நிலைபெற்றது. குயின்சூ எனப்பட்ட ஸ்டீவ் ஃபீக் அதை வளர்த்தார். 2005 முதல் ஐஸ்ஃபிராக் என்பவர் பொறுப்பேற்றார். 2006இல் சுவீடன் இசைக்கலைஞர் பாஸ்ஹன்டர் டோட்டா ஆடுவதைப் பற்றியே ஒரு பாடல் வெளியிடும் அளவுக்கு அது புகழ்பெற்றது.

பழைய வீட்டின் நெருக்கடி

விளையாட்டின் விதிகளில் பெரிய குறை இல்லை. அது குடியிருந்த வீடுதான் சிறிதாகிவிட்டது. ஆட்டத்தின் நடுவே இணையத் தொடர்பு அறுந்தவர் மீண்டும் சேர முடியாது. மீதி நால்வரும் ஐவரை எதிர்த்து ஆட வேண்டும். சம திறமை உள்ளவர்களைத் தேடி இணைக்கும் வசதியும் இல்லை. வரைபடக் கோப்பின் அளவுக்கும் வரம்பு இருந்தது. இந்தக் குறைகளை இரசிகர்களால் ஓரளவுதான் சரிசெய்ய முடிந்தது. ஏனெனில் அடித்தளம் பிளிசார்டுக்குச் சொந்தமானது.

இதற்கிடையே டோட்டாவின் வழியைப் பின்பற்றி 2009இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வந்தது. ஃபீக் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றார். 2010இல் வந்த ஹீரோஸ் ஆஃப் நியூவெர்த், டோட்டாவின் நாயகர்கள் பலரை ஏறத்தாழ அப்படியே கொண்டிருந்தது. ஆக, அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும் இரண்டாம் பாகங்கள் வரத் தொடங்கிவிட்டன.

பெயர் யாருக்குச் சொந்தம்?

வால்வ் நிறுவனம் 2009இல் ஐஸ்ஃபிராக்கைப் பணியமர்த்தியது; 2010இல் டோட்டா என்ற பெயரை வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்தது. பிளிசார்ட் எதிர்த்தது. பலர் கூலியின்றி உழைத்து வளர்த்த பெயர் ஒரு நிறுவனத்தின் உடைமையாவதா என்பதே இதில் எழுந்த அடிப்படைக் கேள்வி. 2012இல் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டன. வணிகப் பயன்பாடு வால்வுக்கும், வார்கிராஃப்ட் வரைபடங்களில் இலவசப் பயன்பாடு பிளிசார்டுக்கும் என முடிவானது. புதிய விளையாட்டில் நெக்ரோலைட் நெக்ரோஃபோஸ் ஆனதும், விண்ட்ரன்னர் விண்ட்ரேஞ்சர் ஆனதும் பிளிசார்டின் பெயர்களைத் தவிர்க்கவே.

மதிப்பீடு

டோட்டா 2 பழைய ஆட்டத்தைப் பெரிதும் மாற்றவில்லை. நாயகர்கள், தடங்கள், விதிகள் ஆகியவற்றை ஏறத்தாழ அப்படியே புதிய மென்பொருளுக்கு மாற்றியது; அறுந்த ஆட்டத்தில் மீண்டும் சேரும் வசதியைத் தந்தது. 2011இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் 16 அணிகள் மோதிய முதல் பன்னாட்டுப் போட்டியில் 10 லட்சம் டாலர் முதல் பரிசு வழங்கப்பட்டது. பழைய மோட் காலத்தில் எண்ணிப் பார்க்க முடியாத தொகை அது.

எனவே டோட்டாவுக்குப் புதிய கதையோ புதிய விதிகளோ தேவைப்படவில்லை. உறுதியான அடித்தளம் தேவைப்பட்டது. அந்த அளவில் இரண்டாம் பாகம் அவசியமே. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி, தம் பதிப்பை வெளியிடலாம் என்ற சுதந்திரத்தில்தான் டோட்டா பிறந்தது. இரண்டாம் பாகத்தின் மைய ஆட்டத்தை மாற்றும் உரிமை ஒரு நிறுவனத்திடமே உள்ளது. 2020இல் வந்த வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டின் விதிமுறைகள், ஆடுபவர்கள் உருவாக்கும் வரைபடங்களின் உரிமையை பிளிசார்டுக்கே அளித்தன. டோட்டாவின் வரலாற்றிலிருந்து நிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடம் அது.