ஆர்-டைப்பின் வீட்டுக் கணினிப் பதிப்புகள்

ஆர்-டைப், ஜப்பானின் ஐரெம் நிறுவனம் 1987-இல் ஆர்கேட் கூடங்களுக்கென வெளியிட்ட விண்வெளிச் சண்டை வீடியோ கேம். அடுத்த ஈராண்டுகளில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, ஆம்ஸ்ட்ராட் சிபிசி, அட்டாரி எஸ்டி, அமிகா ஆகிய வீட்டுக் கணினிகளுக்கு அது மாற்றி எழுதப்பட்டது. மூல விளையாட்டு இன்று எளிதில் கிடைக்கிறது. இருந்தும், பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள் பலர் இந்தக் குறைப்பட்ட பதிப்புகளைத்தான் தேடி எடுத்து ஆடுகிறார்கள். இக்கட்டுரை அந்தப் பதிப்புகளின் வரலாற்றைச் சொல்கிறது.

மூல விளையாட்டு

ஆர்-9 என்ற சிறு விண்கலம் இடமிருந்து வலமாகப் பறந்து, பைடோ என்னும் உயிர்ப் படையை எதிர்க்கிறது. மொத்தம் 8 கட்டங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கலத்தின் முனையில் ஆற்றல் திரளும், விட்டால் பெருங்கதிராகப் பாயும். ‘ஃபோர்ஸ்’ எனப்படும் உருண்டையைக் கலத்தின் முன்னாலோ பின்னாலோ பூட்டலாம், கழற்றித் தனியே ஏவலாம், எதிரியின் குண்டுக்குக் கேடயமாகவும் நிறுத்தலாம். எங்கே பூட்டுவது, எப்போது கழற்றுவது என்ற யோசனைதான் ஆர்-டைப்பை அக்காலத்து மற்றச் சுடும் விளையாட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டியது. கைவேகத்தைவிட மனப்பாடம் முக்கியம். ஒரே அடியில் கலம் நொறுங்கும், ஆட்டம் சற்றுப் பின்னாலிருந்து தொடங்கும். முதல் கட்டத்தின் முடிவில் பாதித் திரையை அடைத்து நிற்கும் டாப்கெராடாப்ஸ் என்ற அசுரனும், மூன்றாம் கட்டம் முழுவதையும் நிறைக்கும் போர்க்கப்பலும் ஆடியவர்களுக்கு மறப்பதில்லை.

இதை இயக்கிய எம்72 என்ற மின்சுற்றுப் பலகையில் 8 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள வி30 செயலி இருந்தது. திரை 384-க்கு 256 புள்ளிகள். ஒலியைக் கவனிக்க மட்டும் இசட்80 என்ற சிறிய செயலி ஒன்று தனியாக அமர்ந்திருந்தது. ஸ்பெக்ட்ரம் கணினிக்கு மொத்த மூளையுமே அந்த இசட்80 ரகச் செயலி ஒன்றுதான்.

ஸ்பெக்ட்ரம்

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சின்க்ளேர் நிறுவனம் 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரத்தின் முதல் விலை 125 பவுண்டு, 48 கிலோபைட் நினைவகம் கொண்ட வகைக்கு 175 பவுண்டு. வீட்டுத் தொலைக்காட்சியில் செருகி, கேசட் பிளேயரிலிருந்து நிரலை ஏற்ற வேண்டும். மலிவானதால் பிரிட்டனில் ஏராளமான பிள்ளைகளின் முதல் கணினி அதுவாயிற்று. ஆர்கேட் பெட்டியில் காசு போட்ட சில நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கேசட்டை ஒருமுறை வாங்கினால் போதும். கடற்கரை ஊர்களின் ஆர்கேட் கூடங்களில் பார்த்து ஏங்கியதை வீட்டுக்குள் கொண்டுவர அதுவே வழி. அதனால் மான்செஸ்டரின் ஓஷன், பர்மிங்காமின் யுஎஸ் கோல்டு போன்ற வெளியீட்டாளர்கள் ஆர்கேட் உரிமங்களைப் போட்டியிட்டு வாங்கினார்கள்.

உரிமம் கிடைத்தால் மூல நிரலும் கையில் வரும் என்பதில்லை. அன்றைய வழக்கப்படி நிரலாளர் ஆர்கேட் பெட்டியை ஆடியோ, ஆடியதைப் பதிந்த வீடியோவைப் பார்த்தோ, எதிரிகளின் ஓட்டத்தையும் சுவர்களின் வடிவத்தையும் தாமே கணித்து எழுத வேண்டியிருந்தது. மாற்றுப் பதிப்பு என்று பெயர் இருந்தாலும் உண்மையில் அது புதிதாக எழுதப்பட்ட நிரல். ஆர்-டைப்பின் உரிமத்தை ஆக்டிவிஷன் பெற்று, எலக்ட்ரிக் ட்ரீம்ஸ் என்ற தன் முத்திரையில் 1988-இல் வெளியிட்டது. ஸ்பெக்ட்ரம் பதிப்பை எழுதியவர் பாப் பேப்.

அவர் முன் நின்ற சிக்கலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஸ்பெக்ட்ரத்தின் படத்திரை 6,144 பைட். பின்னணியை நகர்த்த வேண்டுமானால் அத்தனையையும் இடம் மாற்ற வேண்டும். இசட்80-இன் வழக்கமான நகலெடுப்புக் கட்டளை பைட் ஒன்றுக்குச் செயலியின் 21 கடிகாரத் துடிப்பு கேட்கும், ஆக மொத்தம் சுமார் 1,29,000 துடிப்பு. நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும் தொலைக்காட்சியின் ஒரு சுற்றுக்குள் கிடைப்பதோ சுமார் 70,000. எதிரி, குண்டு, வெடிப்பு எதையும் வரையாமல், பின்னணியை மட்டும் நேர்வழியில் நகர்த்தவே இரண்டு சுற்று போய்விடும். இதற்கு உதவும் தனி வன்பொருள் ஏதும் அந்தப் பெட்டிக்குள் இல்லை.

நிறம் இன்னொரு தொல்லை. 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் இரண்டே நிறங்கள் இருக்கலாம். சிவப்பு எதிரி ஒன்று பச்சைச் சுவரை உரசிச் சென்றால் நிறம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். எனவே ஸ்பெக்ட்ரத்தின் சுடும் விளையாட்டுகள் பல ஒற்றை நிறத்திலேயே வந்தன. பேப் வண்ணத்தை விடவில்லை. பின்னணி கறுப்பு விண்வெளி என்பது அவருக்குச் சாதகமாயிற்று. வண்ணக் கலங்களும் எதிரிகளும் கறுப்பின் மேல் மிதக்கும்போது நிறக்கலப்பு அதிகம் கண்ணில் படுவதில்லை. மூலத்தின் வேகமும் வழவழப்பும் இதில் இல்லைதான். ஆனால் மூலத்தை மனப்பாடம் செய்தவர் இங்கேயும் அதே இடத்தில் அதே எதிரியை எதிர்பார்க்கலாம். ஆர்-டைப்பில் முதன்மையானது அந்த வரிசைதான், பேப் அதைக் கைவிடவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் மிகச் சிறந்த ஆர்கேட் மாற்றங்களில் ஒன்றாக இதை வைப்பதில் தயக்கம் வேண்டாம்.

விலை கொடுக்க வேண்டியது வேறொன்றில். 48 கிலோபைட்டில் எல்லாக் கட்டங்களும் அடங்காது என்பதால் ஒவ்வொன்றாக டேப்பிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. கீச்சென்ற ஓசையோடு திரை விளிம்பில் கோடுகள் ஓட, காத்திருக்க வேண்டும். தோற்றால் டேப்பை ரீவைண்ட் செய்து மறுபடியும் முதலிலிருந்து. அன்று எரிச்சலூட்டிய இந்தக் காத்திருப்பை இன்று அதே ஆட்கள் ஆசையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கமடோர் 64, ஆம்ஸ்ட்ராட்

கமடோர் 64-க்குத் திரையை வழவழவென நகர்த்தவும், உருவங்களைப் பின்னணியிலிருந்து பிரித்து வரையவும் வன்பொருளிலேயே வசதி உண்டு. அந்தப் பதிப்பின் பிறப்போ விசித்திரமானது. ஜெர்மனியின் ரெயின்போ ஆர்ட்ஸ் 1988-இல் கட்டகிஸ் என்ற விளையாட்டை வெளியிட்டது. நிரலாளர் மான்ஃபிரெட் டிரென்ஸ். ஆர்-டைப்பை அப்படியே ஒத்திருந்ததால், வழக்குத் தொடுப்போம் என ஆக்டிவிஷன் எச்சரித்தது. பிறகு, இவ்வளவு நன்றாக நகலெடுத்தவர்களிடமே அசலையும் கொடுப்போம் என்று, கமடோர் 64 பதிப்பை அவர்களிடமே ஒப்படைத்தது. டிரென்ஸ் அதைச் சில வாரங்களில் முடித்தார், இசையில் கிறிஸ் ஹூல்ஸ்பெக்கின் பங்கு உண்டு. அமிகா பதிப்பு ஃபேக்டர் 5 குழுவிடம் போயிற்று. கட்டகிஸ் மாற்றங்களோடு டெனாரிஸ் என்ற பெயரில் திரும்பி வந்தது.

ஆம்ஸ்ட்ராட் சிபிசி வைத்திருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதிலும் இசட்80 செயலிதான், எனவே ஸ்பெக்ட்ரம் நிரலை எடுத்துச் சிறு திருத்தங்களோடு ஓட்டிவிடும் சபலம் அக்காலத்தில் அதிகம். ஆர்-டைப்பும் அப்படியே அவசரமாக வந்தது. ஒரே நேரத்தில் 16 நிறம் காட்டக்கூடிய கணினியில் நான்கே நிறம், அதுவும் மந்தமான ஓட்டம். சின்க்ளேரின் கணினி வணிகத்தை 1986-லேயே ஆம்ஸ்ட்ராட் வாங்கிவிட்டதால் இரு கணினிகளும் அப்போது ஒரே முதலாளியுடையவை என்பதைச் சிபிசி ரசிகர்கள் கசப்போடு ரசித்திருக்கலாம்.

பிற்காலம்

1997-இல், ஆர்கேட் பெட்டியைப் போலவே கணினியை இயங்கச் செய்யும் மேம் என்ற மென்பொருள் (எமுலேட்டர்) வெளிவந்தது. சில ஆண்டுகளில் ஆர்-டைப்பின் மூலப் பதிப்பையே சாதாரணக் கணினியில் ஆட முடிந்தது. அசல் கிடைக்காத குறையைத் தீர்க்கவே எழுதப்பட்ட வீட்டுப் பதிப்புகளுக்கு அத்தோடு தேவை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இளவயதில் நாள்தோறும் கையில் இருந்தது வீட்டுப் பதிப்பு, ஆர்கேட் பெட்டி விடுமுறையில் எட்டிப் பார்த்தது மட்டுமே. பலருக்கு ஆர்-டைப் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்பெக்ட்ரத்தின் ரப்பர் விசைப்பலகையும் கறுப்புத் திரையில் அந்தச் சில நிறங்களும்தான்.

பாப் பேப் 2013-இல் ‘இட்ஸ் பிஹைண்ட் யூ’ என்ற தலைப்பில் தம் அனுபவத்தை நூலாக எழுதி இலவசமாக வெளியிட்டார். பெட்டியின் மேல் பெயர்கூட அச்சாகாத நிரலாளர்களின் அன்றைய வேலை முறையை உள்ளிருந்து சொல்லும் நூல்கள் அதிகமில்லை. அவ்வகையில் அது ஏக்கத்தைத் தாண்டிய ஆவணம்.

ஆம்ஸ்ட்ராட் ரசிகர்களின் ஏக்கம் வேறு வகை. அவர்களுக்கு நினைத்து மகிழ நல்ல பதிப்பு இல்லை, மனத்தாங்கல்தான் இருந்தது. ஈஸ்டர் எக் என்ற ஆர்வலர் குழு 128 கிலோபைட் சிபிசிக்காக ஆர்-டைப்பைச் செப்பனிட்டு, கணினியின் 16 நிறத் திரையைப் பயன்படுத்தி, 2012-இல் இலவசமாக வெளியிட்டது. சிபிசி உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் அது பழைய கணினியிலேயே, வட்டிலிருந்து ஏறி ஓடும்படி எழுதப்பட்டது.