மையத்து வீடும் மூடிய வாயும்

ஒரு வீட்டில் மௌத்து நிகழ்ந்தால் பக்கத்து வீட்டார் சோறு ஆக்கிக் கொடுத்தனுப்புவது எமது ஊர்களில் ஊறிப்போன வழக்கம். இதன் வேர் ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) நடந்த முஃதா போர் வரை செல்கிறது. ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) ஷஹீதான செய்தி மதீனாவை எட்டியபோது, அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அடுப்படி ஞாபகம் வராது. தமது குழந்தை இப்றாஹீம் மௌத்தானபோது நபியவர்களே கண்ணீர் விட்டார்கள். கதீஜா (ரழி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, சீறா நூல்களில் 'துக்க ஆண்டு' என்றே பெயர் பெற்றது.

ஆகவே, ஓலமிட்டு மார்பில் அடிப்பதே விலக்கப்பட்டது, அழுகை விலக்கப்படவில்லை. ஆனாலும் மையத்து வீட்டுக்குப் போனால் நாம் முதலில் சொல்வது, "அழாதீங்க, சபுர் செய்யுங்க" என்பதுதான். சபுர் என்பது வாயை மூடுவது என்றாகிவிட்டது.

இந்த மௌனத்தின் பாரத்தை கொவிட் காலம் காட்டியது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட் மரணங்களுக்கு எரித்தலைக் கட்டாயமாக்கியது. குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழுவித்தல், அடக்கம் செய்தல் ஆகிய நான்கும் மையத்துக்கான கடமைகள் மட்டுமல்ல. இருப்பவர் தம் கையால் செய்து மனம் ஆறும் வழிகளுங்கூட. அவை பறிபோயின. அவ்வருட டிசம்பரில், பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தை பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். பேச இடமில்லாத துக்கம் அந்தத் துணியில் பேசியது.

2021 பெப்ரவரியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் தொடங்கியது. ஓராண்டுக்குள் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கப்பட்டனர்; மற்ற மதத்தவரும் அவர்களில் உண்டு. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது.

உரிமை பற்றி நிறையப் பேசினோம், பேசத்தான் வேண்டும். ஆனால் வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத மகளிடம் என்ன பேசினோம்? குடும்பமே தனிமைப்படுத்தலில் இருந்ததால், பல வீடுகளுக்கு ஆறுதல் சொல்ல ஆள் போகவில்லை, சோறும் போகவில்லை. நோய் வந்த வீடு என்று ஒதுங்கியவர்களும் எம்மில் உண்டு. தஃஸியத்துக்கு மூன்று நாள் என்ற கணக்கு அங்கே தொடங்கவேயில்லை.

பிந்தியாவது அந்த வீடுகளுக்குப் போகலாம். "உங்கட வாப்பா எப்படிப்பட்ட மனுசன்?" என்று கேட்டு, பேர் சொல்லிப் பேசவிட்டு, இடைமறிக்காமல் கேட்டிருக்கலாம். அவர்கள் சம்மதித்தால் அந்த வாய்மொழிகளைப் பதிவு செய்யலாம். வர்த்தமானியில் திகதி இருக்கும், அந்த மகளின் சொல் இருக்காது. அதை எழுதிவைப்பது எமது வேலை.