மூன்று வருஷக் கணக்கு

பொன்னமராவதிப் பக்கத்து நகரத்தார் ஊர்களில் ‘கொண்டு விற்கப் போயிருக்கிறார்’ என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. வீட்டு ஆண்பிள்ளை எங்கே என்று யாராவது விசாரித்தால் அந்தக் காலத்தில் கிடைத்த பதில் இது. சரக்கைக் கொண்டுபோய் விற்ற நாளில் பிறந்த சொல். பிற்காலத்தில் அவர்கள் கொண்டுபோனது பணம், கொடுத்து வாங்கியதும் பணம். ஆனாலும் சொல் மாறவில்லை. குடியேறப் போயிருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். விற்கப் போனவன் விற்று முடித்தால் வீடு திரும்ப வேண்டியவன். அந்த எண்ணம்தான் அவர்களுடைய பலம். பிறகு அதுவே அவர்களுக்கு வினையாகவும் முடிந்தது.

நான் கதை எழுதுகிறவன். வலையபட்டி, மேலைச்சிவபுரி, வேந்தன்பட்டி என்று அந்தப் பக்கத்து வீதிகளில் நடக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு கேள்வி எழுகிறது. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக இந்த வீடுகளைக் கட்டியவர்கள் இவற்றில் எத்தனை நாள் வாழ்ந்திருப்பார்கள்? சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் விளைச்சல். இந்த மண் இந்த வீடுகளைக் கட்டியிருக்க முடியாது. ஐராவதி நதிக்கரையின் நெல் கட்டிய வீடுகள் இவை.

கடல் கடந்து போவது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. திருமயம் வட்டத்து முனிசந்தையில் ‘திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர்’ என்ற வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தாரின் தமிழ்க் கல்வெட்டு, 1088-ஆம் வருஷத்தியது, சுமத்ராத் தீவிலே கிடைத்தது. பர்மாவின் பழைய தலைநகரான பகானில் நானாதேசி விண்ணகர் என்று ஒரு பெருமாள் கோயில் இருந்தது. மலைமண்டலத்திலிருந்து போன ஒருவர் அதற்கு ஒரு மண்டபமும் கதவும் ஒரு விளக்கும் கொடுத்ததாக 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்நிய தேசத்தில் முதலில் சாமிக்கு ஓர் இடம் பார்த்துவிட்டுத்தான் வியாபாரி உட்கார்ந்தான். செட்டியார்களும் அப்படியே. சிங்கப்பூரில் 1859-இலேயே தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்துவிட்டார்கள். போன இடத்துக்கெல்லாம் முருகனைக் கொண்டுபோனவர்கள் மனைவியை மட்டும் கொண்டுபோகவில்லை.

பர்மாவை வெள்ளைக்காரர்கள் மூன்று யுத்தங்களில், 1824-க்கும் 1885-க்கும் இடையில், துண்டு துண்டாகப் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகியது. கீழ்ப் பர்மாவின் காடுகளை வெட்டி வயலாக்கப் பர்மிய விவசாயி புறப்பட்டான். அவனுக்கு ஏரும் மாடும் வாங்கப் பணம் வேண்டும். அறுவடை வரைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும். இங்கிலீஷ் பாங்குகள் அவன் முகத்தையே பார்க்கவில்லை. பார்த்தவர் செட்டியார். 1929-30-இல் பர்மா பாங்கு விசாரணைக் கமிட்டி கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. மூலதனம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். கீழ்ப் பர்மாவில் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்த எந்த இடத்திலிருந்தும் ஒரு நாள் பிரயாணத்தில் ஒரு செட்டியார் கடையை அடைந்துவிடலாம்.

இத்தனை கடைகளையும் நடத்திய ஏற்பாடு மிகவும் எளியது. பத்துப் பன்னிரண்டு வயசில் பெட்டியடிப் பையனாகப் போகவேண்டும். கூட்டிப் பெருக்குவது, எடுபிடி வேலை, பெரியவர்கள் கணக்கு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, இவைதான் பள்ளிக்கூடம். பிறகு அடுத்தாள். அப்புறம் கடை முழுவதற்கும் பொறுப்பான மேலாள். முதலாளி அநேகமாக ஊரில் இருப்பார். மேலாளுக்குத் தவணை மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே கொடுத்துவிடுவார்கள், அது குடும்பத்துக்கு. மூன்று வருஷம் முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, அடுத்து வருகிறவரிடம் பெட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, கப்பலேற வேண்டியது.

அங்கே அவர் வாழ்ந்த விதமும் திரும்பப் போகிறவன் வாழ்கிற விதம்தான். பகலில் எந்த இடத்தில் சம்மணமிட்டுக் கணக்கு எழுதினாரோ அங்கேயே இரவில் பாயை விரித்துக்கொள்வார். சமையற்காரர் நம் ஊர்க்காரர், பாஷை நம் பாஷை. கடனுக்கு வருகிறவனிடம் பேச எவ்வளவு பர்மியப் பேச்சு வேண்டுமோ அவ்வளவு கற்றுக்கொள்வார். ஊரில் மனைவி கல்யாணமான சில மாதங்களுக்குள் தனியாகி, குழந்தை நடக்கப் பழகிய பிறகு அதன் தகப்பனைக் காண்பாள். இது விதிவிலக்கு அல்ல, வழக்கமே இதுதான். வளவைச் சுற்றியிருந்த ஒவ்வோர் அறையிலும் இப்படி ஒரு பெண் தன் மூன்று வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெட்டியடிக்கப் போன பையன்களில் ஒருவரைத் தமிழுலகம் நன்றாக அறியும். மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்த வ.சுப. மாணிக்கம் சிறு வயசிலே பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். வருமானவரி அதிகாரி வந்து கேட்டால் முதலாளி இல்லை என்று சொல்லும்படி அவருக்கு உத்தரவு. பையன் அப்படிச் சொல்ல முடியாது என்றான். வேலை போயிற்று, ஊர் திரும்பினான். திரும்பி வந்தவனுக்குப் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியாரின் தொடர்பு கிடைத்தது; தமிழ் கிடைத்தது. பர்மாவரை லேவாதேவி நடத்திய குடும்பத்துத் தலைவரான அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய பல்கலைக்கழகத்திலேயே அவர் படித்தார். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். ஐந்தொகையில் அவர் நஷ்டக் கணக்குத்தான். ஆனால் அந்த ஊருக்குப் பர்மாவிலிருந்து வந்து சேர்ந்த பெரிய ஆஸ்தி அவர் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று வருஷ ஏற்பாட்டில் ஓர் அபாயம் இருந்தது. பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு கப்பலேறலாம். நிலத்தை ஏற்றிக்கொண்டு வரமுடியாது. 1930-இல் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த வயல்கள் செட்டியார் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1937-38-இல் அது 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பிக் கேட்டதல்ல அது, பணமாகத்தான் கேட்டார்கள். ஆனால் காட்டை வெட்டி வயலாக்கிய பர்மியனுக்கு இந்த நியாயம் எப்படித் தெரியும்? மூன்று வருஷத்துக்கு ஒரு முகம் மாறுகிற, தன்னோடு உட்கார்ந்து சாப்பிடாத ஒருவர், தன் நிலத்துக்குச் சொந்தக்காரராகிவிட்டார். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வட்டி வாங்கும் அந்நியனை ஜனங்கள் சகித்துக்கொள்வார்கள். மண்ணுக்கு உடையவனாகிற அந்நியனை எந்தத் தேசமும் சகித்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அதுவரை இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மா 1937 ஏப்ரல் முதல் தேதி தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. கடையும் அதே இடம், பெட்டியும் அதே பெட்டி. உட்கார்ந்திருந்தவர் சட்டப்படி அந்நியராகிவிட்டார். 1938-இல் இந்தியர்களுக்கு எதிராகக் கலகம். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் காடும் மலையும் கடந்து மணிப்பூருக்கும் அஸ்ஸாமுக்கும் நடந்தார்கள். அந்தச் சில மாதங்களில் வெளியேறிய இந்தியர் நாலைந்து லட்சம் பேர். பசியிலும் காலராவிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். சுதந்திர பர்மா 1948-இல் நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருஷங்களுக்குள் பாங்குகளையும் கடைகளையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அகதிகளாக வந்த மற்ற தமிழர்களுக்குத் தமிழ்நாட்டு நகரங்களில் பர்மா காலனிகள் எழுந்தன. நகரத்தார் வீடுகளில் மிஞ்சியவை தேக்குத் தூண்களும், விருந்துக்குக் கவுணி அரிசியும், வசூலாகாத கடன்கள் எழுதிய பேரேடுகளும்தான்.

இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுதினவர்கள் உண்டு. பாவம், ஏமாந்தவர்கள் என்று எழுதினவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. நாணயமாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் கணக்கில் இரண்டு பேரைச் சேர்க்காமல் விட்டார்கள். ஒருவன் கடன் வாங்கிய பர்மிய விவசாயி. இன்னொருத்தி வளவில் காத்திருந்த பெண். இருவருக்கும் வரவு செலவில் இடம் இல்லை. பல வருஷங்கள் ஒரு தேசத்தில் இருந்தும் அங்கே வாழாமல் இருப்பது எப்படி என்பதை அவர்கள் கற்றிருந்தார்கள். அந்தக் கல்விக்கு இருவரும் கட்டணம் கட்டினார்கள்.

இன்றும் பொன்னமராவதிப் பக்கத்துப் பையன்கள் கடல் கடக்கிறார்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். அவர்கள் கையில் மூலதனம் இல்லை, உழைப்புத்தான். ஒப்பந்தம் அநேகமாக இரண்டு வருஷம். ஊரிலே புது வீடு எழும்புகிறது. கட்டச் சொன்னவன் அதைப் போட்டோவில் பார்க்கிறான். அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். போன ஊரில் தெருக்காரர்கள் நாலு பேரோடாவது பழகுங்கள். அவர்கள் பாஷையில் நலம் விசாரிக்கிற அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற தேதியை எண்ணும்போது, உங்களுக்காக அதே தேதியை எண்ணுகிறவர்களையும் கணக்கில் சேருங்கள்.