ஒத்துப்போவது சான்றாகுமா? கீறல் விழுந்த இசைக் குறுந்தகடுகளை நகலெடுத்தல்

கீறல் விழுந்த இசைக் குறுந்தகடுகளை நகலெடுப்பவர்களிடையே ஒரு விதி வழங்கிவருகிறது: ஒரு பாடலை இருமுறை படித்து, இரு நகல்களின் சரிபார்ப்பு எண்ணும் ஒன்றானால் நகல் துல்லியமானது. இவ்விதி போதாது என்பது என் வாதம். திருமுடிவாக்கம், குன்றத்தூர் பக்கத்து வீடுகளில் கிடக்கக்கூடிய கல்யாண நாகசுரப் பதிவு போன்ற, வேறு படியே இல்லாத தகடுகளுக்கு அது ஆபத்தானதும்கூட.

சிக்கல் தகட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. தரவுத் தகட்டில் 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2,048 மட்டுமே தரவு. மீதியில் கூடுதல் பிழைதிருத்தம் உண்டு. திருத்த முடியாவிட்டால் டிரைவ் பிழை என்று அறிவித்துவிடும். இசைத் தகட்டில் 2,352 பைட்டும் ஒலியே. அந்தக் கூடுதல் காவல் இல்லை. தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் வரையிலான சேதத்தை அடிப்படைப் பிழைதிருத்தம் முழுமையாக மீட்கும். அதைத் தாண்டினால், டிரைவ் பக்கத்து மதிப்புகளைக் கொண்டு இடைவெளியைக் கணித்து நிரப்பும், அல்லது ஒலியை அடக்கும். இரண்டையும் சொல்லாமலே செய்யக்கூடும்.

இனி, சர்ச்சைக்குரிய சான்றுக்கு, அதாவது நகலெடுக்கும் மென்பொருள் தரும் அறிக்கைக்கு வருவோம். 'இரு வாசிப்பும் ஒத்தன' என்ற வரி எதற்குச் சாட்சி? ஒரே டிரைவ், ஒரே லேசர், ஒரே கணிப்பு முறை, ஒரே கீறல். நிரப்பிய மதிப்பும் ஒன்றாக அமைய இடமுண்டு. டிரைவின் இடைநினைவகத்தை முடக்காவிட்டால் இரண்டாம் முறை தகடு படிக்கப்படாமலே போகலாம். எல்லாக் கீறல்களிலும் இப்படி நடப்பதில்லை. பலவற்றில் வாசிப்புக்கு வாசிப்பு விடை மாறும், அங்கே பழைய விதி உதவும். ஆனால் வேறுபாடு பிழையைக் காட்டுவதாலேயே ஒற்றுமை பிழையின்மையைக் காட்டிவிடாது. அந்த வரி டிரைவின் நிலைத்தன்மைக்கே சாட்சி.

சுவடிப் பதிப்பில் இது பழைய பாடம். ஒரே ஏட்டை ஒருவரே இருமுறை படித்தால் பாடபேதம் வெளிப்படாது. உ.வே.சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்பிட்டார். அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றன. ஒலிப்பதிவுக்கும் அந்த நேர்மை வேண்டும்.

காதுக்குத் தெரியாத பிழையால் என்ன நட்டம் என்பார்கள். ஆவணம் இன்றைய காதுக்காக மட்டும் சேமிக்கப்படுவதில்லை. தவில் அடியின் தொடக்கத்தை அளக்க வரும் ஆய்வாளருக்கு, டிரைவ் இட்டு நிரப்பிய மதிப்பு பொய்ச் சான்று. இணையத் தரவுத்தளத்தில் பிறர் நகலோடு ஒப்பிடலாம் என்பது கடையில் விற்ற தகட்டுக்கே பொருந்தும்.

ஆகவே, தகட்டை மையத்திலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வெவ்வேறு தயாரிப்பு டிரைவ்களில், குறைந்த வேகத்திலும் படிக்க வேண்டும். திருத்த முடியாத பைட்டுகளைச் சுட்டும் பிழைக்குறிகளைத் தரும் டிரைவ் ஒன்றாவது அவற்றில் இருக்க வேண்டும். ஐயத்துக்குரிய இடங்களை நேரக் குறிப்புடன் பட்டியலிட்டு நகலோடு சேர்த்தே காக்க வேண்டும். அப்பட்டியல் இல்லாத நகலைத் துல்லியமானது என்று எந்த ஆவணக் காப்பகமும் ஏற்கலாகாது.