சுழலைத் தேடிக் கண்ட தூசு: ஆதி ஈர்ப்பலைத் தேடலின் வரலாறு

2014 மார்ச் 17 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் தென்துருவத்திலிருந்து வானைப் பார்த்த பைசெப்2 கருவியின் குழுவினர், ஆதி ஈர்ப்பலைகளின் தடத்தைக் கண்டதாக அறிவித்த முடிவைப் 'பொய்த்துப்போன கண்டுபிடிப்பு' என்றே பலரும் இன்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர்கள் அளந்த சுழல் வடிவம் வானில் இருந்தது. அதே வானத்துண்டை அடுத்து வந்த, அதே குழுவின் கெக் தொலைநோக்கிகள் பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது. தவறியது அளவு அல்ல, அளந்த பொருளுக்குச் சூட்டிய பெயர். ஏன் அந்தப் பெயர் அவ்வளவு இயல்பாக வாயில் வந்தது என்பதை அறிய, கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து, எலக்ட்ரான்களின் பிடியிலிருந்து விடுபட்ட ஒளியே இன்று 2.725 கெல்வின் வெப்பநிலையில் வானமெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணி. அதைப் பென்சியாசும் வில்சனும் 1965இல் அறிவித்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1968இல், இந்த ஒளி ஓரளவு தளவிளைவுற்றிருக்க வேண்டும் என்று மார்ட்டின் ரீஸ் எழுதினார். காரணம் எளிது. ஓர் எலக்ட்ரானை எல்லாப் பக்கமிருந்தும் ஒளி ஒரே அளவில் தாக்கினால், சிதறும் ஒளிக்குத் திசைச் சார்பு இராது. கிழக்கு-மேற்கிலிருந்து வருவது சற்று வெப்பமாகவும் வடக்கு-தெற்கிலிருந்து வருவது சற்றுக் குளிர்ந்தும் இருந்தால், சிதறிய ஒளி ஒரு தளத்தில் கூடுதலாக அதிரும்.

இந்த ஏற்றத்தாழ்வைப் பொருளின் அடர்த்தி வேறுபாடு உண்டாக்கலாம். வெளியையே ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் நெருக்கும் ஈர்ப்பலையும் உண்டாக்கலாம். பிரபஞ்சத்தின் தொடக்கக் கணத்திலேயே ஈர்ப்பலைகள் பிறந்திருக்கும் என்று அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கி 1979இல் சோவியத் ஒன்றியத்தில் கணக்கிட்டார். 1981இல் ஆலன் கூத் முன்வைத்து, அடுத்த ஆண்டு ஆந்திரே லிண்டே முதலானோர் திருத்திய வீக்கக் கோட்பாடு அந்தக் கணக்குக்கு ஒரு வீடு தந்தது. வெளி நொடியின் நுண்பகுதியில் அளவின்றிப் பெருத்தபோது, அதில் இருந்த குவாண்டம் நடுக்கங்கள் இழுபட்டு அலைகளாயின என்பது அதன் கூற்று.

ஆனால் அடர்த்தியின் தடத்தையும் அலையின் தடத்தையும் பிரித்தறிவது எப்படி? 1997இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே விடை கண்டன: கமியோன்கோவ்ஸ்கி, கொசோவ்ஸ்கி, ஸ்டெபின்ஸ் ஒரு பக்கம், செல்யாக், சல்தாரியாகா மறுபக்கம். வானில் தளவிளைவுக் கோடுகள் இரண்டு வகையாக அமையலாம். புள்ளியைச் சுற்றி வட்டமாகவோ ஆரக்கால்களாகவோ நிற்பவை இ-வகை. கண்ணாடியில் பார்த்தாலும் அவை மாறுவதில்லை. சாய்ந்து சுழல்பவை பி-வகை. வலம்புரிச் சங்கைக் கண்ணாடியில் காட்டினால் இடம்புரியாகத் தெரிவதுபோல அவை புரி மாறும். அடர்த்தி வேறுபாட்டுக்கு இடம் வலம் கிடையாது. ஆகவே அது நேரடியாகப் பி-வகையை உண்டாக்க முடியாது. ஈர்ப்பலையால் முடியும். இந்த இரண்டு கட்டுரைகளும் ஒரு முழுத் தலைமுறையின் உழைப்புக்குத் திசை காட்டின. ஈர்ப்பலைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை 'ஆர்' என்ற ஓர் எண்ணாக எழுதினார்கள். அதை அளந்துவிட்டால் வீக்கம் நிகழ்ந்த ஆற்றல் மட்டமே தெரிந்துவிடும். எந்தத் துகள் முடுக்கியும் நெருங்க முடியாத மட்டம் அது.

நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலை வேறுபாடே லட்சத்தில் ஒரு பங்கு. கோபே செயற்கைக்கோள் அதை 1992இல் கண்டது. இ-வகைத் தளவிளைவு அதனினும் மெலிது. தென்துருவத்தில் இருந்த டாசி என்னும் கருவி 2002இல் அதைப் பிடித்தது. வழியில் உள்ள விண்மீன் திரள்களின் ஈர்ப்பு வில்லையாகி இ-வகையை முறுக்குவதால் சிறிய கோணங்களில் ஒரு பி-வகை உண்டாகும் என்பதும் தெரிந்திருந்தது. தென்துருவத் தொலைநோக்கி அதை 2013இல் கண்டது. எஞ்சியிருந்தது ஆதி அலையின் தடம் மட்டுமே.

அதைத் தேடிய பைசெப் கருவியின் வடிவமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தேடும் வடிவம் வானில் சுமார் இரண்டு பாகை அகலம் கொண்டது; அதற்குப் பெரிய ஆடி தேவையில்லை. கால்டெக்கின் ஆண்ட்ரூ லாங்கேயும் அவருடைய சகாக்களும் இந்த எளிய உண்மையைப் பற்றிக்கொண்டார்கள். பைசெப்2இன் வாய் விட்டம் 26 சென்டிமீட்டர்தான், ஏறத்தாழ ஒரு தோசைக்கல் அளவு. வில்லைகளை 4 கெல்வினுக்கும், 512 மீக்கடத்தி உணரிகளைக் கால் கெல்வினுக்கும் குளிர்வித்தார்கள். உணரிகள் இரண்டிரண்டாக ஒரே புள்ளியைப் பார்க்கும். ஒன்று நெட்டாக அதிரும் ஒளியை மட்டும், மற்றது குறுக்காக அதிரும் ஒளியை மட்டும் ஏற்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், தளவிளைவற்ற வளிமண்டலத்தின் வெப்பம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும், மிஞ்சுவது தளவிளைவு. தென்துருவத்தின் 2,800 மீட்டர் உயரப் பனித்தளத்தில், ஆறு மாத இருளில், நீராவி மிகக் குறைந்த காற்றுக்கு அடியில், 2010 முதல் 2012 வரை ஒரே வானத்துண்டை இப்படி வருடிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்கள் பார்த்தது ஒரே அதிர்வெண்ணில்: 150 கிகாஹெர்ட்ஸ். உணர்திறன் முழுவதையும் ஓரிடத்தில் குவித்ததால்தான் அவ்வளவு துல்லியம் கிடைத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரே நிறத்தில் பார்ப்பவருக்கு எது எதனுடைய ஒளி என்று சொல்ல வழி இல்லை. பால்வழியில் மிதக்கும் தூசுத் துகள்கள் காந்தப்புலத்துக்கு ஏற்ப அணிவகுத்து நின்று, தாமே தளவிளைவுற்ற நுண்ணலையை உமிழ்கின்றன. காந்தப்புலம் முறுக்குண்ட இடத்தில் அதுவும் பி-வகைதான். தூசின் ஒளி அதிர்வெண் கூடக் கூட வலுக்கும். பின்னணியின் ஒளி அப்படி வலுக்காது. ஆகவே இரண்டு மூன்று அதிர்வெண்களில் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம். பார்த்த வானத்துண்டில் தூசு குறைவு என்று அன்றைய மாதிரிகள் கூறின. அந்தப் பகுதிக்கான பிளாங்க் செயற்கைக்கோளின் தளவிளைவுத் தரவு அப்போது வெளியாகவில்லை. மாநாட்டில் காட்டப்பட்ட ஒரு பிளாங்க் படத்திலிருந்து எண்களை மீட்டெடுத்து, ஒரு மாதிரிக்குப் பயன்படுத்தினார்கள். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. கால் கெல்வின் வரை இறங்கிய பொறுமை, இந்த ஒரு படியில் அவசரப்பட்டுவிட்டது.

அறிவித்த மதிப்பு: ஆர் = 0.20. குழுவைச் சேர்ந்த சாவ்-லின் குவோ, லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்லும் காணொளியை உலகமே பார்த்தது. அதில் லிண்டே, இது அழகாக இருப்பதால்தான் நான் நம்புகிறேனோ என்று தமக்குள் எழும் அச்சத்தையும் சொல்கிறார். அந்த ஒரு கணத்துக்காகவே அந்தக் காணொளி பாதுகாக்கத் தக்கது. சக ஆய்வாளர்களின் மதிப்பீடு முடியும் முன்பே செய்தியாளர் கூட்டம் நடந்தது. மே மாதமே ஃபிளாகர், ஹில், ஸ்பெர்கல் மூவரும் தூசே இதற்குப் போதும் என்று காட்டினார்கள். ஜூனில் அச்சான கட்டுரை, தூசின் பங்கை ஒதுக்கிவிட முடியாது என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் பிளாங்க் குழு, 353 கிகாஹெர்ட்ஸில் அளந்த தூசை 150க்குக் கணக்கிட்டுக் காட்டியது: பைசெப்2 கண்ட அளவுக்கு அது நிகராக இருந்தது. பிறகு போட்டிக் குழுக்கள் இரண்டும் தரவைப் பகிர்ந்து ஒன்றாக உட்கார்ந்தன. 2015 ஜனவரி இறுதியில் வந்த கூட்டு முடிவு, 95% நம்பக அளவில் ஆர் 0.12க்குக் கீழ் என்றது.

இங்கே தேடலின் தன்மையே மாறுகிறது. கண்டோம் என்ற எண்ணுக்குப் பதில், இதற்கு மேல் இல்லை என்ற எண் வந்தது. அது சிறிய வேலை என்று நினைப்பவர்கள் 2021ஆம் ஆண்டு முடிவைப் பார்க்க வேண்டும். பைசெப்2ஐ அடுத்து வந்த பைசெப்3இன் 95 கிகாஹெர்ட்ஸ் தரவும், கெக் தொலைநோக்கிகளின் 220 கிகாஹெர்ட்ஸ் தரவும் சேர்ந்து, வரம்பை 0.036க்கு இறக்கின. பாடநூல்களில் முதல் எடுத்துக்காட்டாக நின்ற, லிண்டேயின் எளிய இருபடி வீக்க மாதிரி அதற்கு முன்பே விழுந்திருந்தது. இயல் வீக்கம் எனப்படும் மாதிரியும் இப்போது விழுந்தது. நிற்பவற்றுள் முக்கியமானது ஸ்டாரோபின்ஸ்கி 1980இல் தந்த மாதிரி. அது எதிர்பார்ப்பது 0.003, 0.004 அளவு. 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோதும் அந்த எண் எட்டாத தொலைவில்தான் இருந்தது.

அங்கே போய்ச் சேரவே சிலியின் அட்டகாமாப் பாலையில் சைமன்ஸ் ஆய்வகமும், ஜப்பான் தலைமையில் லைட்பேர்டு செயற்கைக்கோள் திட்டமும் உருவாயின. தென்துருவத்தில் பைசெப் அணிவரிசை என்னும் புதிய கருவித் தொகுதியின் முதல் ஏற்பி 2020இல் பொருத்தப்பட்டது. அது பார்ப்பது 30, 40 கிகாஹெர்ட்ஸில், ஆதி ஈர்ப்பலையின் தடத்தைத் தேடுவதற்கு அல்ல. பால்வழியின் காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் உமிழும் ஒளியை அளந்து, கழிக்க வேண்டிய கணக்கில் வைப்பதற்கு.